ஒரு காற்றுக்கு எத்தனை பெயர்!

காற்று என்னும் சொல்லை நாளும் எத்தனை முறை வழங்குகின்றோம் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. துவிச்சக்கர வண்டியின் சில்லுக்குக் காற்று அடிக்கின்றோம். மாலை வேளையிலே காற்று வாங்கக் கடற்கரைக்குச் செல்கின்றோம். குழந்தை காரணமின்றி வீரிட்டு அழுதால், காத்துக் கறுப்புப் பட்டுவிட்டதோ என்று பாட்டிமார் வேப்பிலையைத் தேடுகின்றனர். வயிறு பொருமும்போது மட்டும் காற்றென்று சொல்லக் கூசி, வாயு என்று வடமொழியிலே அதற்கு மரியாதை செய்கின்றோம். வாய்ப்பு வந்தபோது வாளாவிருப்பவனைக் கண்டால், காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று புத்தி கூறுகின்றோம். களத்திலே நின்று நெல்லைத் தூற்றி அறியாதவர்களே இன்று இப்பழமொழியை மிகுதியாகச் சொல்கின்றனர் என்பது வேறு கதை.

நிகண்டுகளைப் புரட்டுவோர்க்கு இச்சொல்லின் உறவினர் கூட்டம் முழுவதும் காட்சி தரும். வளி, கால், ஊதை, மாருதம், பவனம், அனிலம், சமீரணம் என்று வரிசை நீளும். இவற்றுட் பல, பண்டிதர் பரீட்சைக்கு மனனம் செய்தவர்களின் நாவிலன்றி வேறெங்கும் வாழவில்லை. ஆயினும் வளி என்னும் பழஞ்சொல்லுக்கு நம் நாட்டிலே நல்வாழ்வு கிடைத்திருக்கின்றது. திருக்குறளில் மருந்து அதிகாரத்திலே உடலின் மூன்று கூறுகளுள் முதலாவதாகச் சுட்டப்பட்ட வளி, இன்று நம் பிள்ளைகளின் விஞ்ஞான பாடநூலிலே குடியிருக்கின்றது. அசையாது நிற்பது வளி; அது அசைந்தால் காற்று. மழையையும் வெயிலையும் நமக்கு முன்கூட்டி அறிவிக்கும் அரச திணைக்களமும் வளிமண்டலவியல் திணைக்களம் என்றே பெயர் பூண்டிருக்கின்றது. தமிழ்நாட்டார் இதனை வானிலை ஆய்வு என்பர். அதுவும் நல்ல சொல்லே. எனினும் நமக்கு நம்முடையதே இனிக்கின்றது.

நிற்க, திசையைக் கொண்டு காற்றுக்குப் பெயரிடும் வழக்கம் தமிழில் மிகப் பழையது. தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை என்று பள்ளியிலே யாவரும் படித்திருக்கின்றோம். நக்கீரர் பாடிய பத்துப்பாட்டு நூலொன்று வாடையின் பெயரையே தன் பெயராகக் கொண்டு நெடுநல்வாடை என விளங்குகின்றது. இப்பெயர்களிற் சில இரட்டைப் பிறவிகள். கோடை என்பது மேல்காற்றுமாம், வேனிற் காலமுமாம். கொண்டல் என்பது கீழ்காற்றுமாம், நீரை முகந்துகொண்ட முகிலுமாம். வாடையோ, புலவர் வாயிலே குளிர்காற்று. அடுக்களையிலே கருவாட்டு மணம்.

ஆனால் புத்தகத்தை மூடிவிட்டு நம் நாட்டுக் கரையோரத்துக்குச் சென்று கேட்டாலோ, இந்நான்கில் இரண்டைத்தான் மக்கள் அறிவர். வாடை உண்டு, கொண்டல் உண்டு. தென்றலும் கோடையும் இல்லை. அவ்விடத்திலே சோளகம், கச்சான் என்னும் வேறு இரு பெயர்கள் அமர்ந்திருக்கின்றன. இவற்றை வழங்கும் இடங்களிலேயே சென்று கேட்டு வருவோம் என்னும் ஆவலால், 2023ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே நாம் ஒரு சிறு பயணம் புறப்பட்டோம். தென்மேற்கிலிருந்து வரும் பருவக்காற்று ஒன்றே; அது நம் தீவிலே எங்கெங்கு என்னென்ன பெயர் பெறுகின்றது என்று பார்ப்பதே நோக்கம். பாடநூல் இதற்கு இட்ட பெயர் தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்று. ஒரே மூச்சில் சொல்லி முடிப்பதற்கே நல்ல காற்று வேண்டும்!

மலையிலே ஒரு குகை

கொழும்புக் கோட்டையிலிருந்து காலையிலே பதுளைக்குப் புறப்படும் பொடி மெனிக்கே புகையிரதத்தில் ஏறினோம். கொழும்பிலே அக்காற்று உப்பும் ஈரமும் கலந்து வீசிற்று. அதற்கு அங்கே தனிப்பெயர் சொல்வார் எவரையும் காணோம்; தலைநகரத்தார்க்குக் காற்று என்பது மழையின் முன்னோடி, அவ்வளவே.

நாவலப்பிட்டியைக் கடந்ததும் மழை பிடித்துக்கொண்டது. வட்டவளைப் பகுதி நம் நாட்டிலே மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. ஆண்டொன்றுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேலே பெய்யும். கடலிலிருந்து நீரைச் சுமந்து வரும் காற்று மலையிலே முட்டி மேலேறுகின்றது, ஏற ஏறக் குளிர்கின்றது, குளிர்ந்த காற்றினால் அவ்வளவு நீரைத் தாங்க முடிவதில்லை, கொட்டிவிடுகின்றது. அட்டனிலும் நானுஓயாவிலும் புகையிரதத்தின் கண்ணாடிகளை மூடியே வைத்திருந்தோம்.

பட்டிப்பொல நம் நாட்டிலே மிக உயரத்தில் உள்ள புகையிரத நிலையம். கடல் மட்டத்திலிருந்து 1898 மீற்றர். அதனைக் கடந்ததும் ஒரு குகைப்பாதை வருகின்றது. இக்குகைக்கு இப்பக்கம் மழை, அப்பக்கம் வெயில் என்று முன்னரே கேள்வியுற்றிருந்தோம். பயணக்காரர் சொல்லும் மிகைக் கூற்று என்றே எண்ணினோம். குகையினுள் நுழைகையிலே கண்ணாடியில் நீர் வழிந்தது. இருளிலே சிறிது நேரம் ஊர்ந்து மறுபுறம் வெளியே வந்தபோது, முகில் மலைமுகட்டிலேயே நின்றுவிட, கீழே ஊவாப் பள்ளத்தாக்கு வெயிலிலே விரிந்து கிடந்தது. எதிரே அமர்ந்திருந்த சிங்களக் கிழவர் ஒருவர் நம் வியப்பைக் கண்டு, தாமே அதனைச் செய்துவைத்தவர்போலப் புன்னகை செய்தார்.

அப்புத்தளையிலே காற்று வண்டியை ஆட்டிற்று. இது நீரையெல்லாம் மேற்கே கொட்டிவிட்டு வெறுங்கையுடன் வரும் காற்று. தேயிலை வியாபாரிகள் ஆண்டு முழுவதும் காத்திருப்பது இதற்குத்தான். ஆடியிலிருந்து ஆவணி வரை இக்காற்று பட்ட ஊவாத் தேயிலைக்கு ஒரு தனி மணம் உண்டு. அதற்கு விலையும் உண்டு. இக்காற்றினைத் தேயிலைத் தொழிலிலே ஆங்கிலேயரும் கச்சான் என்றே எழுதலாயினர். தமிழ்ச் சொல் ஒன்று தேநீர்க் கிண்ணத்திலேறி நெடுந்தூரம் போயிருக்கின்றது.

பண்டாரவளையிலே நம் பெட்டியில் ஏறிய ஓர் அம்மையார், தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே கொழுந்தெடுப்பவர். இந்தக் காற்றுக்கு என்ன பெயர் சொல்வீர்கள் அம்மா என்று கேட்டோம்.

"பேரு என்னாங்க ஐயா, வறட்டுக் காத்துதான். இது அடிச்சா கொழுந்து மங்கிப் போயிரும். நாள் பூரா நின்னாலும் கூடை நெறையாது. அரைப் பேருதான் விழும்."

தோட்டத்து வழக்கிலே பேர் என்பது ஒரு நாட் சம்பளத்துக்கான பதிவு. குறித்த நிறைக்குக் கொழுந்து பறிக்காவிடின் அரைப் பேர், அதாவது அரைச் சம்பளம். எந்தக் காற்றினாலே தேயிலையின் மணமும் விலையும் ஏறுகின்றனவோ, அதே காற்றினாலே அதனைப் பறிப்பவரின் கூலி குறைகின்றது. கச்சான் என்னும் பெயரை அவ்வம்மையார் கேட்டதுமில்லையாம். நாம் சொன்னபோது, "கச்சான்னா திங்கிறதுல்ல?" என்று சிரித்தார்.

அவர் சிரிப்பிலும் நியாயம் உண்டு. தமிழ்நாட்டார் வேர்க்கடலை, நிலக்கடலை என்று வழங்கும் பண்டத்துக்கு நம் நாட்டிலே கச்சான் என்பதே பெயர். நல்லூர்த் திருவிழா வீதியிலே கச்சான் கடையின் முன் நிற்காத பிள்ளை எது? தமிழ்நாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர், இங்கே கச்சான் கடுமையாக அடிக்கின்றது என்று ஒருவர் சொல்லக் கேட்டு, கடலையால் ஏன் அடிக்கின்றார்கள் என்று நம்மைத் தனியே அழைத்துக் கேட்டதுண்டு.

மட்டக்களப்பு

பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா வழியாகச் செங்கலடிக்கு இறங்கும் வீதியிலே பஸ் வண்டியில் சென்றோம். ஒவ்வொரு வளைவுக்கும் வெப்பம் ஏறிற்று. இதன் காரணம் எளியது. மலையிலிருந்து கீழிறங்கும் காற்று அமுக்கமுற்றுச் சூடாகின்றது. ஈரமற்ற காற்று ஆயிரம் மீற்றர் இறங்கினால் ஏறக்குறைய 10 பாகை செல்சியஸ் சூடேறும். மேற்கிலே ஏறும்போது அது இந்த அளவுக்குக் குளிர்வதில்லை. ஏனெனில் நீராவி மழையாகும்போது தன்னுள் இருந்த வெப்பத்தை அக்காற்றுக்கே விட்டுவிடுகின்றது. ஆகவே ஏறியபோது இழந்ததிலும் மிகுதியான வெப்பத்தை இறங்கும்போது பெற்று, கிழக்குக் கரைக்கு அது அனலாக வந்து சேர்கின்றது. ஐரோப்பாவிலே அல்ப்ஸ் மலைச்சாரலில் வாழ்வோர் இத்தகைய காற்றுக்குப் போன் என்று பெயரிட்டுள்ளனர். நம் நாட்டுப் போன் காற்றுத்தான் கச்சான்.

இதனை நாம் நம் பெருமைக்காகச் சொல்லவில்லை. அமெரிக்க வானிலைக் கழகத்தின் சொற்கோவையிலே, உலகத்துக் காற்றுகளின் பெயர்களிடையே, கச்சான் என்னும் சொல் இடம் பெற்றிருக்கின்றது. இலங்கை மலைகளின் மறுபுறத்திலே வீசும் வெப்பமான வறண்ட காற்று என்றும், மட்டக்களப்பிலே அது நன்கு உணரப்படுகின்றது என்றும், பகல்வேளைக் கடற்காற்றையே அடக்கிவிடும் வலியுடையது என்றும் அங்கே கூறப்பட்டுள்ளது. தென்றலுக்கு எத்தனையோ புலவர் இருந்தும் அந்தப் பேறு கிட்டவில்லை; ஒரு புலவரும் பாடாத கச்சானுக்குக் கிட்டியது.

மட்டக்களப்பிலே நாம் சென்ற நண்பகலிலே வாவியின் நீர் கூசக்கூசப் பளபளத்தது. வீதியிலே நாய்களும் இல்லை. கல்லடிக் கரையிலே வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரின் அருகே, பூவரச நிழலிலே ஒதுங்கினோம். அவர் நம்மைப் பார்த்து, "இந்த வெயிலுக்க ஏன் மனே வந்த நீங்க? கச்சான் கிளம்பிற்று. பொழுது சாய்ஞ்சாத்தான் கடக்காத்து வரும்" என்று தம் செம்பை நீட்டினார்.

கடற்காற்று எப்பொழுது வரும் என்று காத்திருப்பதே அங்கே ஆனி, ஆடி மாதங்களின் பகற்பொழுது. கச்சான் வலுத்த நாளிலே கடற்காற்று கரையேறாது. கடலுக்கு முன்னே நின்றுகொண்டே வேகுவோம். கிழக்குத் திசையிலிருந்து ஈரத்துடன் வருவது கொண்டல். அதனைச் சொல்லும்போது அம்முதியவரின் குரலே தணிந்தது. சோளகம் என்று யாழ்ப்பாணத்தார் சொல்வதனை நீங்கள் சொல்வதில்லையா என்று கேட்டோம். "அது அங்கத்தப் பேச்சு மனே. நமக்கு இதுதான்" என்றார்.

கச்சானை முழுவதும் பழிப்பதும் முறையன்று. சிறுபோக நெல்லை வெட்டிக் களத்திலே பொலி தூற்றுவோர்க்கு அதனிலும் சிறந்த துணைவன் வேறில்லை. ஈரமில்லாக் காற்று நெல்லை உலர்த்தியும் தருகின்றது, பதரைப் பிரித்தும் தருகின்றது. இப்பொழுது அறுவடை இயந்திரம் வயலிலே சென்று வெட்டி, அடித்து, தூற்றி, மூடையிலே கொட்டிவிட்டுப் போகின்றது. அதற்குக் காற்று வேண்டியதில்லை; மழை மட்டும் வராதிருந்தாற் போதும்.

மட்டக்களப்பார் காற்றென்று சொல்லும்போது, அவர்கள் மனத்திலே கச்சானுக்கும் மேலாக ஒன்று நிற்கின்றது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி இரவு வந்த சூறாவளியை நேரிற் கண்டவர்கள் இன்னும் அங்கே இருக்கின்றனர். தென்னந்தோட்டங்கள் ஒரே இரவிலே படுத்துவிட்டன. சூறை என்பது சுழன்று அடிக்கும் காற்றுக்குப் பழம்பெயர். கொள்ளைக்கும் அதுவே பெயர். அவ்விரு பொருளும் ஒன்றே என்பதை அந்த இரவு காட்டிற்று. அதைப் பற்றி முதியவர் அதிகம் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை.

இரு கடலின் நடுவே

மட்டக்களப்பை விட்டு வவுனியா வழியாக மன்னாருக்குச் சென்றோம். இங்கே அக்காற்றின் முகம் வேறு. மலையிலே ஏறி இறங்கி வந்ததன்று இது. மேற்குக் கரையோரமாகக் கடல்மேல் தடையின்றி வருவது. ஆகவே மழையையும் கொட்டுவதில்லை, அனலாகவும் இல்லை. வேகம் ஒன்றே அதன் குணம்.

மன்னார்த் தீவின் தென்புறம் மன்னார் வளைகுடா. வடபுறம் பாக்கு நீரிணைப் பக்கத்துக் கடல். தாழ்வுபாட்டுப் பக்கத்திலே அலை மூர்க்கமாக எழுந்து மணலை அள்ளிக்கொண்டிருந்த அதே காலையில், பேசாலைக் கரையிலே கடல் குளம்போற் கிடந்தது. ஐப்பசி, கார்த்திகைக்குப் பின் வாடை எழுந்தால் இந்த நிலை தலைகீழாகும். இப்பக்கத்துக் கடற்றொழிலாளர் ஆண்டை மாதங்களாற் பிரிப்பதில்லை. சோளகக்காலம், வாடைக்காலம் என்று காற்றினாலே பிரிக்கின்றனர். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்தார் சோளகக்காலத்திலே தம் கரை கொந்தளிக்கும்போது கொக்கிளாய், முல்லைத்தீவுப் பக்கங்களுக்குப் பெயர்ந்து வாடி அமைத்துத் தொழில் செய்வதும் பழைய வழக்கமே.

தீவின் தென்கரை நெடுகக் காற்றாலைகள் நிற்கின்றன. 2020ஆம் ஆண்டு டிசம்பரிலே திறக்கப்பட்ட தம்பபவனி என்னும் இம்மின்நிலையத்திலே 30 காற்றாலைகள். மொத்த ஆற்றல் 103.5 மெகாவாற். பவனம் என்னும் நிகண்டுச் சொல்லை இப்பெயர் நினைவூட்டுகின்றது. செத்தது என்று நாம் எண்ணிய சொல் கோபுரம்போல் எழுந்து நிற்கக் கண்டோம். சோளகக்காலத்திலேதான் அவற்றுக்கு நல்ல வேலை. ஆயினும் மேலும் பல ஆலைகளை நாட்டுவதனை மன்னார் மக்கள் எல்லோரும் விரும்பினாரல்லர். மீன்வளம் குன்றும், மழைநீர் ஓடும் வழி மறிபடும் என்பது அவர்கள் அச்சம். 2025ஆம் ஆண்டிலே பல நாட்கள் வீதியிலே அமர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். காற்று எவருக்கும் சொந்தமன்று. அது வீசும் நிலமோ அப்படியன்று.

புத்தகத்துக் காற்று

யாழ்ப்பாணத்தை அடைந்தபோது ஆடி முடியுந் தறுவாய். செம்மண் தோட்டங்களிலிருந்து தூசி எழுந்து கண்ணை நிறைத்தது. வாழைக் குலைகளுக்கு முண்டு கொடுத்திருந்தனர். இரவிலே பனம்பழம் தொப்பென்று விழும் ஓசை கேட்டு இரு முறை விழித்தோம். காலையிலே அப்பழத்தைப் பிசைந்து பாயிலே ஊற்றிப் பனாட்டுக்குக் காயவைத்துக்கொண்டிருந்த மூதாட்டியிடம், நம் படிப்பைக் காட்டும் ஆசையினால், தென்றல் நன்றாக வீசுகின்றதே ஆச்சி என்றோம்.

ஆச்சி பாயின் மேல் விழுந்த சருகைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "தென்றலோ? உது சோளகம் தம்பி. தென்றல் புத்தகத்துக் காத்து."

இதனிலும் நல்ல இலக்கண விளக்கத்தை நாம் எந்த உரையாசிரியரிடமும் கற்றதில்லை. பொதியமலையிலே பிறந்து சோலைகளிடையே தவழ்ந்து வருகின்றது என்று பாண்டிநாட்டுப் புலவர் பாடிய தென்றல் அந்நாட்டுக்கு உண்மை. யாழ்ப்பாணத்தின் தெற்கே பொதியமலை இல்லை. வெட்டவெளியும் கடல்நீரேரியுமே உண்டு. அவ்வழியே வருவது இளங்காற்றன்று. கிடுகு வேலியைப் பிய்க்கும் காற்று. ஆடிக்காற்றிலே அம்மியும் பறக்கும் என்ற பழமொழி இங்கே சோளகத்தைக் கண்டே பிறந்ததோ என்று ஐயுறத் தோன்றும். அப்படியிருக்க, நம் நாட்டுக் கவிஞர்களும் யாழ்ப்பாணத்துக் காதலர்மேல் தென்றலையே தவழவிட்டு எழுதிவருகின்றனர். சோளகம் என்று எழுதினாற் கவிதைக்கு என்ன குறைந்துவிடும்? அச்சொல்லைச் சோழகம் என்று ழகரமிட்டு எழுதுவாரும் உளர். எப்படி எழுதினும் எழுதினாற் போதும்.

வல்வெட்டித்துறைக் கரையிலே சிறிது நேரம் நின்றோம். தைப்பொங்கலன்று வாடையின் பக்கத்திலிருந்து வரும் காற்றிலே, விண் பூட்டிய பெரும் பட்டங்கள் இரைந்துகொண்டு ஏறும் வான் இதுவே. பாய்க்கப்பல்கள் இரங்கூனுக்கும் இந்தியத் துறைகளுக்கும் சென்றுவந்த துறையும் இதுவே. சோளகத்திலே கிழக்கே ஓடி, வாடையிலே திரும்பி வரும் தொழில் அது. இங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, இவ்வூர் மாலுமிகளைக் கொண்டே அத்திலாந்திக் சமுத்திரத்தையும் கடந்து, 1938ஆம் ஆண்டிலே மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அக்கப்பலோட்டிகளின் வாயிலே இக்காற்றுப் பெயர்கள் எத்தனை கடல் கடந்திருக்கும்!

மயிலிட்டியிலே

கரைவழியே நேராகச் செல்ல இயலாமையால் அச்சுவேலி வழியாகச் சுற்றி மயிலிட்டிக்குச் சென்றோம். 1990ஆம் ஆண்டிலே போரினால் இடம்பெயர்ந்த இவ்வூரார் 27 ஆண்டுகள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் வாழ்ந்து, 2017ஆம் ஆண்டு ஜூலையிலே துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டபின் திரும்பத் தொடங்கியவர்கள்.

துறையடியிலே கண்ட பெரியவருக்கு எழுபது வயதிருக்கலாம். பேரனுடன் வள்ளத்தின் அருகே நின்றார். காற்றின் பெயர்களைக் கேட்கவே வந்தோம் என்றதும், முதலிலே நம்மை ஐயுற்றுப் பார்த்தார்; பின்பு கையை நீட்டித் திசை திசையாகக் காட்டலானார். சோளகம், கச்சான், வாடை, கொண்டல் என்பன நாற்றிசை. மூலைகளுக்கு வேறு பெயர் தேடவேண்டியதில்லை; சோளகத்துக்கும் கச்சானுக்கும் இடையே சோளகக் கச்சான், கச்சானுக்கும் வாடைக்கும் இடையே வாடைக் கச்சான், வாடைக்கும் கொண்டலுக்கும் இடையே வாடைக் கொண்டல், கொண்டலுக்கும் சோளகத்துக்கும் இடையே சோளகக் கொண்டல். நான்கு சொற்களைக் கொண்டு எட்டுத் திசையையும் கட்டிவிட்டனர் நம் முன்னோர். இதைவிடச் சிக்கனமான திசைகாட்டியை எவரால் செய்யமுடியும்?

தம்பிக்கும் இவை தெரியுமோ என்று பேரனைக் காட்டிக் கேட்டோம். அவனுக்கு இருபது வயதிருக்கும். நாணத்துடன் தலையை அசைத்தான். பெரியவரே விடை கூறினார்:

"உந்தப் பெடியளுக்குக் காத்தெண்டால் ஒரே காத்துத்தான். முகாமிலை பிறந்த பிள்ளையள். கிணத்தடியிலை நிண்டுகொண்டு வாடையை எப்பிடிக் காட்டிக் குடுக்கிறது?"

இளைஞன் தன் தொலைபேசியை எடுத்துக் காட்டினான். காற்று 230 பாகையிலிருந்து மணிக்கு 38 கிலோமீற்றர் வேகத்திலே வீசுகின்றது என்றும், மாலையிலே தணியும் என்றும் அதிலே கண்டிருந்தது. பெரியவர் திரும்பியும் பாராமல், "சோளகக் கச்சான். பொழுதுபட விழும்" என்றார். இரண்டும் ஒன்றே.

அப்படியானால் பழம்பெயர் எதற்கு என்று நேயர்கள் கேட்கக்கூடும். நாமும் அதனையே பெரியவரிடம் கேட்டோம். திணைக்களத்தின் அறிவித்தலை அவர் பழிக்கவில்லை. வானொலியிலே காங்கேசன்துறையிலிருந்து மன்னார் வரையான கடலுக்கு எச்சரிக்கை வந்தால் தாம் வள்ளத்தை இறக்குவதில்லை என்றே கூறினார். ஆனால் தொலைபேசிக்கு வெளிக்கடலிலே தொடர்பு இல்லை. எஞ்சினும் சில வேளை நின்றுவிடும். அப்பொழுது என்ன நிகழும் என்பதனை அவர் மணலிலே கோடு கிழித்துக் காட்டினார். இவ்வூர்க் கரை வடக்கு நோக்கியது. வாடையிலே எஞ்சின் நின்றால், காற்றே வள்ளத்தைக் கரைக்குத் தள்ளும். பயமில்லை, நங்கூரத்தைக் கையிலே வைத்துக்கொண்டு பாறைக்குத் தப்பினாற் போதும். சோளகத்திலே நின்றாலோ, அதே காற்று வள்ளத்தைக் கரையைவிட்டு வெளியே கொண்டுபோகும். அப்பொழுது காலந்தாழ்த்தாமல் நங்கூரம் போடவேண்டும், கயிறும் நீளமாக இருக்கவேண்டும்.

"எந்தக் காத்திலை நிண்டதெண்டு தெரியாட்டி, பெடியன் எந்தப் பக்கம் பாத்துக் கையைக் காட்டுவான்?"

பேரன் இதுவரை தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தவன், மணலிலே கிழித்த கோட்டைக் குனிந்து பார்த்தான். "அப்ப கொண்டலிலை நிண்டால், அப்பு?" என்று கேட்டான். பெரியவர் மறுபடியும் குச்சியை எடுத்தார். கொண்டல் கரைக்குச் சமாந்தரமாக மேற்கே, காங்கேசன்துறைப் பக்கம் இழுத்துச் செல்லும் என்றார். அங்கே துறைமுகச் சுவரை எப்படிப் பிடிப்பது என்று சொல்லத் தொடங்கினார். அது பாட்டனுக்கும் பேரனுக்கும் உரிய பாடமாதலின், நாம் விடைபெற்று வந்தோம்.

திருக்கோணமலை, முல்லைத்தீவு, புத்தளம், கற்பிட்டிக் கரைகளுக்கு இம்முறை நம்மாற் செல்ல இயலவில்லை. தீவுப்பகுதியிலும் வேறு பெயர்கள் வழங்கக்கூடும். அவ்வூர்களிலே பாட்டன்மார் உள்ள நேயர்கள், அவர்கள் காற்றைச் சொல்லும் சொற்களை, அது வீசும் திசையும் மாதமும் குறித்து எழுதியனுப்புவாராயின், அடுத்த சோளகத்துக்கு முன்னரே அவற்றைத் தொகுத்துத் தருவோம்.